செல்வி கடை கம்ப்யூட்டர் தானாக அணைந்த கதை

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: கஸ்டமரைப் படுத்தி எடுக்கும் மிஷின், நம் கடை மேஜைக்கு வந்ததும் சாதுவாகிவிடும். கஸ்டமர் நம்மைப் பொய்யன் என்று நினைப்பார், நாம் அவரைப் பொய்யன் என்று நினைப்போம். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட என் சக பாவப்பட்டவர்களும், எங்களிடம் மிஷினைக் கொடுத்துவிட்டுப் போன் மேல் போன் போடும் பாவப்பட்டவர்களும் இதைப் படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம். எனக்குப் பொறுமை கிடையாது. டீ ஆறும் வரை உட்கார மாட்டேன், மிஷின் ஆன் ஆகிற நேரத்தில்கூடக் காலை ஆட்டிக்கொண்டுதான் இருப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பஞ்சு

செல்லூரில், நாள் முழுக்க விசைத்தறி இரையும் ஒரு சந்தில் செல்வி ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறார். ஜவுளிக்கடையில் பன்னிரண்டு வருஷம் நின்றே வேலை பார்த்து, கால் வீங்கி, அதை விட்டுவிட்டுப் போட்ட கடை. ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதை அசெம்பிள் செய்து, கொண்டு போய் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு ஆன் செய்து கொடுத்ததும் நான்தான். என் கடையை விட்டுப் போகும் எந்த மிஷினும் பொட்டு இல்லாமல் போகாது. ஏழெட்டு மாதம் ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு, பெயர் அடித்து, முகவரி அடித்து, போட்டோ ஏற்றப் போகும் நேரத்தில் பொட்டென்று அணைந்து, தானாகவே மறுபடி ஆன் ஆக ஆரம்பித்தது. அடித்ததெல்லாம் போச்சு.

தெப்பக்குளத்துப் பக்கம் இருக்கும் என் கடையிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். திறந்து பார்த்தால் ஃபேன் முழுக்கத் தறிப் பஞ்சு. சூடேறித்தான் அணைகிறது என்று முடிவு கட்டி, புளோயர் வைத்து ஊதி எடுத்தேன். வெளிப்பக்கமும் துணியால் துடைத்தேன், சாமிப் பொட்டை மட்டும் விட்டுவிட்டு. ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். என்னால் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. கிளம்பி வைகைப் பாலம் ஏறுவதற்குள் போன் வந்துவிட்டது.

"அண்ணே, நீங்க வண்டியை ஸ்டார்ட் பண்ணீங்க, இதுவும் ஸ்டார்ட் பண்ணிக்கிருச்சு."

மூன்று நாள் விருந்தாளி

சிபியுவைத் தூக்கி வண்டியில் கால்களுக்கு நடுவே வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தேன். எங்கள் மேஜையில் ஒரு பழக்கம் உண்டு. முன்பக்கத்துப் பொத்தான்களிலிருந்து போர்டுக்குப் போகும் மெல்லிய வயர்களை முதலில் பிடுங்கிப் போட்டுவிடுவோம். போர்டில் இருக்கும் இரண்டு பின்களை ஸ்குரூ டிரைவர் முனையால் தொட்டால் மிஷின் ஆன் ஆகிவிடும். யார் முன்னால் போய்ப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பது? அவசரக்காரனுக்கு அதுதான் வசதி.

மூன்று நாள் ஓடியது. ஒரு தடவைகூட அணையவில்லை. அணையாத மிஷினில் எதைப் பழுது பார்ப்பது என்று எரிச்சலாக வந்தது. சும்மா திருப்பிக் கொடுக்க மனசு வராமல் ரேமை மாற்றினேன், கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் மாற்றினேன். வயர்களைச் சொருகி, மூடி, பொட்டு வைத்து, கொண்டு போய்க் கொடுத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் நாலு தடவை அணைந்தது. செல்வி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அங்க மூணு நாள் நல்லா இருந்துச்சுன்னா அங்கயே வச்சுக்கங்கண்ணே. விண்ணப்பம் போட வர்றவங்களை நான் தெப்பக்குளத்துக்கு அனுப்பி விடுறேன்."

தறி மேல் பழி

மறுபடியும் தூக்கி வந்தேன். மேஜையில் மறுபடியும் சமர்த்தாக ஓடியது. பொட்டு வைத்துத் திருப்பிக் கொண்டுபோனேன், அங்கே மறுபடியும் அணைந்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். தறி ஓடும்போதுதான் அணைகிறது. செல்வி கடைக்கு அடுத்த சுவர் பாண்டி அண்ணனுடைய தறிக்கூடம், எட்டுத் தறி. தறி இழுக்கிற இழுப்பில் வோல்டேஜ் இறங்குகிறது, வேறென்ன? புது யுபிஎஸ் வைத்தேன். குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு எர்த் இறக்கினேன். அப்படியும் தறி ஓடினால் அணைவது நிற்கவில்லை. ஒருநாள் கரண்ட் போனது. தறிகள் நின்றன, மிஷின் யுபிஎஸ்ஸில் பதினெட்டு நிமிஷம் அணையாமல் ஓடியது. நான் மேஜையைத் தட்டிச் செல்வியிடம் சொன்னேன், பார்த்தீர்களா, கோளாறு தறி கரண்டில்தான் என்று. அந்தச் சந்தோஷத்திலேயே நேராகப் பாண்டி அண்ணனிடம் போய், உங்கள் தறியால்தான் இந்தப் பெண்ணுக்குப் பிழைப்பு கெடுகிறது என்று நியாயம் பேசினேன். அவர் அறுந்த நூலை முடிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார், முடிந்ததும் நிமிர்ந்தார்.

"ஏன் தம்பி, என் தறி ஓடுறப்ப இந்தத் தெருவுல டிவி ஓடுது, ஃபிரிட்ஜ் ஓடுது, கிரைண்டர் ஓடுது. உங்க பெட்டி மட்டும் மயங்கி விழுகுதுன்னா, அம்புட்டு நோஞ்சானாவா செஞ்சு கொடுத்தீங்க?"

கடைசி நாள்

நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், சாயங்காலம் ஐந்து மணியோடு சரி. மதியம் இரண்டு மணிக்குச் செல்வி போன் செய்தார். போய்ப் பார்த்தால், மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பது பாண்டி அண்ணனின் மகள் கார்த்திகா. மதிப்பெண் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை அடித்து மூன்று தடவையும் போய்விட்டதாம். பாண்டி அண்ணன் எட்டுத் தறியையும் நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்றார். நாலாவது தடவை நான் பக்கத்தில் இருக்கும்போதே அணைந்தது. பின்சந்துத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, அவற்றை யார் நிறுத்துவது?

மணி மூன்றரை. அடுத்த தெருவில் இன்னொரு விண்ணப்பக் கடை இருக்கிறது. செல்வி தெரிந்த பிள்ளை என்பதால்தான் பாண்டி அண்ணன் இங்கே வந்திருந்தார். அவரே வேறு கடைக்குப் போனால் அந்தச் சந்தில் வேறு ஒருத்தரும் இனி இந்தக் கடைப் படி ஏற மாட்டார்கள். அது செல்விக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பாண்டி அண்ணன் குரலை உயர்த்தவே இல்லை.

"இன்னொரு வாட்டி பாப்போம்மா. அதுலயும் அணைஞ்சா நான் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு அந்தக் கடைக்குப் போறேன். தப்பா நினைக்காத."

பொத்தான்

இனி யோசிக்க நேரமில்லை. மூடியைக் கழற்றினேன், கை தன் பழக்கத்துக்கு முன்வயர்களைப் பிடுங்கிப் போட்டது, ஸ்குரூ டிரைவரால் தொட்டு ஆன் செய்தேன். கார்த்திகா அடித்தாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பின்சந்துத் தறிகளின் இரைச்சல் குறையவில்லை. போட்டோ ஏறியது. கையெழுத்து ஏறியது. நாலேகாலுக்கு விண்ணப்ப எண் வந்து, பிரிண்டரில் தாளும் வந்தது. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கால் ஆடுவது மட்டும் நிற்கவில்லை. ஏன் இப்போது மட்டும் அணையவில்லை?

பிடுங்கிய வயர்களை ஒவ்வொன்றாகச் சொருகினேன். ரீசெட் பொத்தானின் வயரைச் சொருகிய ஒரு நிமிஷத்தில் மிஷின் அணைந்து எழுந்தது. முன்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பவர் பொத்தானுக்குக் கீழே, யாரும் தொடாத சின்ன வட்டப் பொத்தான் அது, அமுக்கினால் மிஷின் அணைந்து திரும்ப ஆன் ஆகும். பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். அதன்மேல் சந்தனம் வாராவாரம் அப்பி, இடுக்கெல்லாம் இறங்கிக் கல்லாகி, பொத்தான் பாதி அமுங்கியபடி நின்றிருந்தது. தறி அதிர்கிற அதிர்வில் மீதிப் பாதியும் அமுங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் தறி நிற்கும், அதிர்வும் நிற்கும், அன்று யுபிஎஸ்ஸில் ஓடியது அதனால்தான். சுரண்டி எடுத்ததும் பொத்தான் டக்கென்று வெளியே வந்தது. இத்தனை நாள் அலைந்த கோபமெல்லாம் தலைக்கேறி, இந்த இடத்தில் போயா பொட்டு வைப்பார்கள், யார் வைத்தது என்று சத்தம் போட்டேன். பாண்டி அண்ணன் என்னைப் பார்த்தார். செல்வி சாந்தமாகத்தான் பதில் சொன்னார்.

"மொத நாளு நீங்கதான்ணே அதுல வச்சு ஆன் பண்ணிக் கொடுத்தீங்க. தூக்கிட்டுப் போய்த் திருப்பிக் கொண்டாந்த ரெண்டு வாட்டியும் அதுலயேதான் வச்சீங்க. இடம் மாறக் கூடாதுன்னு, வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை நானும் கடையைத் தொறந்ததும் அதுலயே வச்சுக்கிட்டு வாரேன்."

பஞ்சில் தொடங்கி அடுத்த வீட்டுத் தறி வரைக்கும் சந்தேகப்பட்ட நான், என் மோதிர விரலை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.