முட்டுக் கொடுத்த கதவு

அக்கா மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறான். பார்ப்பதெல்லாம் ஜப்பான் கார்ட்டூன்தான். எதைப் போட்டாலும் ஒரே கதை. ஒருவன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போவான். கண் விழித்தால் வேற்று உலகம். விழித்த கையோடு அவனுக்கு எல்லா மந்திரமும் தெரிந்திருக்கும். அவனுடைய பலம் எவ்வளவு என்று கண்ணெதிரே எழுத்தில் வந்து நிற்கும். கொஞ்ச நாளில் ஒரு மாளிகையும், சோறு பொங்கிப் போட ஆளும் கிடைத்துவிடும். எங்கள் ஊர் வீரசோழனில் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போய் வருகிறவனுக்குக்கூட வழியில் இதைவிட ஏதாவது நடக்குமடா என்று சொல்லிப் பார்த்தேன். போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

சரி, நல்லதைக் காட்டுவோம் என்று நான் சின்ன வயதில் பார்த்த தொடரைத் தேடிப் பிடித்துப் போட்டேன். இரண்டு பகுதி பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான்.

"போரு மாமா. அந்த அக்காவுக்கு ஒரு பவரும் இல்ல. எந்நேரமும் வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்னு அழுதுக்கிட்டே இருக்கு."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பத்து வயதுப் பையனிடம் இதற்கெல்லாம் கோபப்படுவது அழகில்லைதான். ஆனால் அந்தத் தொடரில் எங்கள் மாமாவும் இருக்கிறார். அது அவனுக்குத் தெரியாது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்போது அத்தாவின் – அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம் – அரிசிக்கடையில் கூடமாட நின்றுகொண்டு எங்கள் வீட்டிலேயே இருந்தார். மீசையை முறுக்கத் தெரிந்த பெரிய ஆளாக எனக்குத் தெரிந்தவருக்கு அன்றைக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். சாயங்காலம் தொடர் ஆரம்பிக்கிற நேரத்துக்குச் சரியாக, "டீ குடிச்சிட்டு வாரேன் மச்சான்" என்று அத்தாவிடம் சொல்லிவிட்டுக் கடையிலிருந்து நழுவி வருவார். கரண்டு இருந்தால் இருவரும் பார்ப்போம். இல்லாவிட்டால் இருட்டு டிவியின் முன்னால் உட்கார்ந்து, இந்நேரம் அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று மாமா அவராகவே சொல்லிக்கொண்டு போவார். சில நாள் டிவிக்காரனைவிட மாமா நன்றாகச் சொன்னார்.

கதை இதுதான். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் மாடிப்படிக்குக் கீழே பூட்டிக் கிடந்த கதவைத் திறந்து உள்ளே போகிறாள். அந்தப் பக்கம் வானம் பச்சையாக இருக்கிறது. அவளிடம் ஒரு குடையும் பாதி சாப்பிட்ட டிபன் பாக்ஸும்தான். எந்தப் பழத்தைத் தின்னலாம், எவரை நம்பலாம், ஒன்றும் தெரியாது. அவள் ஒரு ஓடையில் வாய் வைக்கப் போனால், "ஏலே, அது என்ன தண்ணியோ, குடிக்கப் போகுது பாரு" என்று மாமா என் தொடையைப் பிடித்து அமுக்குவார். இந்தப் பக்கத்தில் அவளுடைய தம்பி, அக்கா போன கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுக் காவல் இருப்பான். அது மூடிவிட்டால் அவள் திரும்பவே முடியாது. அவள் ஓடுகிற ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்தக் கல் இன்னும் இருக்கிறதா என்ற பயம் எங்களுக்கு இருந்தது. லாரியில் அடிபட்டுப் போகிறவனுக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. அவனை யாரும் தேடுவதில்லை, அவனும் யாரையும் தேடுவதில்லை. பிறகு அவன் எத்தனை பூதத்தை வெட்டினால் எனக்கென்ன?

அவள் பாதி வழி வருவதற்குள் மாமாவுக்கு விசா வந்துவிட்டது. வளைகுடாவில் கடை வேலை என்றார்கள். வீட்டில் ஆட்டுக்கறி எடுத்துப் பிரியாணி ஆக்கினார்கள். நான் மட்டும் தட்டைத் தள்ளி வைத்தேன். கதை முடிந்த பிறகு போகக்கூடாதா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மாமா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ பாத்து வையி மாப்ள. அந்தப் பிள்ள வீடு வந்து சேந்துச்சான்னு எனக்குச் சொல்லணும்" என்றார்.

மாமா படியிறங்கி பஸ் ஏறியதும், எங்களோடு இருந்த சித்தி, மாமாவுக்கும் இளையவள், பழக்கதோஷத்தில் விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிட்டாள். அம்மா பாய்ந்து போய்ப் பிடுங்கினாள். ஊருக்குப் போனவர் போய்ச் சேர்ந்த தகவல் வரும்வரை எங்கள் வீட்டில் கூட்டக்கூடாது. கூட்டினால் போனவரையும் சேர்த்துத் தள்ளியதாகிவிடும். மறுநாள் போன் வரும்வரை பிரியாணி எலும்பும் வெங்காயத் தோலும் கிடந்த இடத்திலேயே கிடந்தன. அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தோம். அப்படிப்பட்டவர்கள், நான் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்தபோது மட்டும் எனக்குப் புத்தி பிசகிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

குழவியைக் காணோம் என்று அம்மா தேடுவாள், எடுத்துப் போவாள், நான் மறுபடி கொண்டுவந்து வைப்பேன். ராத்திரி அத்தா கதவைச் சாத்துவதை என்னால் தடுக்க முடியவில்லை. அதற்கு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துச் சரிக்கட்டிக்கொண்டேன். எங்கள் தெருவில் ஆட்டுக்குக் குறைவில்லை. ஒருநாள் இரண்டு ஆடு உள்ளே வந்து, முறத்தில் ஆறப்போட்டிருந்த இடியாப்ப மாவை நக்கித் தீர்த்துவிட்டு, சித்தியின் தாவணி முனையையும் மென்றுவிட்டுப் போயின. அன்றைக்கு அத்தாவிடம் வாங்கிய அடி நன்றாக நினைவிருக்கிறது. ஆனாலும் மறுநாள் குழவி கதவடியில்தான் இருந்தது.

தொடரோ முடிகிற பாடாக இல்லை. அவள் ஒரு பாலத்தைத் தாண்டப் போகிற இடம்வரை வந்ததும், டிவிக்காரன் என்ன நினைத்தானோ, மறுநாள் முதல் பகுதியிலிருந்து போட்டான். அடுத்த தடவையும் பாலம்வரை வந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

மாமா ஊர் வந்தது எனக்கு மீசை அரும்பிய பிறகுதான். வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. விரலால் அதைத் தட்டிவிட்டு, யாராவது வாங்க என்று சொல்லும்வரை வெளியிலேயே நின்றார். அந்தப் பெண்ணின் கடைசிப் பகுதி இப்போது கிடைக்கிறது, பார்க்கலாமா என்று ஒருநாள் கேட்டேன். "எந்தப் பிள்ள?" என்றார். நானும் இன்றுவரை அதைப் பார்க்கவில்லை. லீவு முடிந்து அவர் திரும்பவும் போனார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். அக்கா மகன் போனில் பார்க்கிற வேற்று உலகத்து ஆட்களைப் போலவே, அவருக்கும் இங்கே வர அவசரம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் போன புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. அம்மா பேசினாள். நான் பக்கத்திலேயே, கதவடியில் குழவியின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

"கடை வேலைன்னுதானடா சொன்னாக... வெயில்லயா?" என்றாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, தங்கச்சிக்கு நாள் குறிச்சாச்சு. அண்ணன் வெளிநாட்டுல இருக்காருன்னுதான் அவுக பொண்ணு கேட்டே வந்தாக. இப்பப் போயி நீ வந்து நின்னா நான் என்னன்னு சொல்லுவேன்? பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துரு. இப்ப வந்துறாத."

அதற்குமேல் பேச முடியாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"மாப்ள, அந்தப் பிள்ள வீடு வந்துச்சா?"

"இல்ல மாமா. மறுபடியும் மொதல்ல இருந்து போடுறான்."

மாமா வருத்தப்படுவாரே என்று நல்ல சேதி ஒன்று சொன்னேன்.

"மாமா, நீங்க போன கதவ நான் தெறந்தேதான் வச்சிருக்கேன்."

லைன் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"இனிமே சாத்திரு மாப்ள," என்றார் மாமா. "ஆடு உள்ள வந்துரும்ல."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. காவல் இருந்து எனக்கும் சலித்துப்போயிருந்தது. மாமாவே சொல்லிவிட்ட பிறகு யார் என்ன சொல்ல முடியும்? கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, குழவியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். ஒரு குழவி திரும்பிக் கிடைத்ததற்கு இப்படியும் சந்தோஷப்படுவார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.