சேப்பலில் கைதட்டுவதில்லை

எங்கள் கிறிஸ்தவ மகளிர் கல்லூரியில் புதன்கிழமை ஆராதனை, வளாகத்துச் சிற்றாலயமான சேப்பலில் நடக்கும். வெள்ளிக்கிழமை விருந்தினர் உரை அரங்கத்தில். அரங்கத்தில் கைதட்டுவோம், கேள்வி கேட்போம், பின்வரிசையில் முறுக்குகூடத் தின்போம். சேப்பலில் பேச்சு முடிந்ததும் சற்று நேரம் தலைகுனிந்திருந்துவிட்டு, வரிசை வரிசையாகச் சத்தமில்லாமல் வெளியேறுவோம். விரும்பாதவர்கள் ஆராதனைக்குப் பதில் நன்னெறி வகுப்புக்குப் போகலாம். அந்த அறையில் மின்விசிறி சரியாகச் சுற்றாது. அதனால் மயிலாப்பூர் வீட்டில் விளக்கேற்றிவிட்டு வரும் நானும் முதலாண்டிலிருந்தே சேப்பல்தான். "அங்க என்னடி பண்ணுவேள்?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள். "பாட்டு நன்னா இருக்கும்மா" என்றேன். அதோடு விட்டுவிட்டாள்.

மூன்றாம் ஆண்டில் இயற்பியல் துறையின் விருந்தினர் உரைகளுக்கு நான் பொறுப்பு. கிண்டி தொழிற்பேட்டையில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்யும் சிறிய தொழிற்கூடத்தை நடத்திய ஒரு பெண்மணியை அழைத்தேன். அதில் என் சுயநலமும் இருந்தது. விடுமுறையில் அவரிடம் பயிற்சிக்குச் சேர வேண்டும். மற்ற இடங்களில் பெண்களை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். இவர் மட்டும், "மொதல்ல உங்க பொண்ணுங்களப் பாக்குறேன், அப்பறம் சொல்றேன்" என்றிருந்தார்.

அன்று மழை. அரங்க மேடை ஒழுகியதால் உரையைச் சேப்பலுக்கு மாற்றினார்கள். மைக், தண்ணீர், ஸ்டெபிலைசரை வைக்க மேசை, அதற்கு மின் இணைப்பு எல்லாம் நானே பார்த்தேன். விட்டுப்போனது எதுவுமில்லை என்றுதான் நினைத்தேன்.

அவர், சிந்தாதிரிப்பேட்டையில் தன் அப்பாவின் மோட்டார் பழுதுபார்க்கும் கடையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றக் கற்றதைச் சொன்னார். தன் தொழிற்கூடத்துக்கு வந்த முதல் வாடிக்கையாளர் அவரையே பார்த்து, "ஓனர் இல்லியா?" என்று கேட்டதைச் சொன்னார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினோம். "அவ்ளோதான், வணக்கம்" என்று முடித்தார். எல்லோரும் தலைகுனிந்தோம். நானும்தான். நிமிர்ந்தபோது அவர் மேசையைப் பிடித்தபடி நின்றிருந்தார். முன்வரிசை எழுந்து போய்க்கொண்டிருந்தது.

வெளியே தாழ்வாரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னாமா இது? ஒருத்தியும் சிரிக்கல, கையும் தட்டல. நான் இன்னா எழவு வூட்லயா பேசினேன்?"

"மேடம், சேப்பல்ல தட்ட மாட்டோம். அது பழக்கம்."

"அத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள், மழை விடக் காத்திருந்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். என் வகுப்புத் தோழி கேட்டாள்: "மேடம், அந்த 'ஓனர் இல்லியா' ஆளு கடைசில வாங்கினாரா?"

"வாங்கினான். இன்னும் வாங்கிக்கினுதான் கீறான்."

உள்ளே அடக்கிய சிரிப்பெல்லாம் அங்கே வெடித்தது. இன்னொருத்தி உள்ளேயிருந்து ஸ்டெபிலைசரைத் தூக்கி வந்து, பெட்டிக்குள் பார்க்க வேண்டும் என்றாள். அவர் கைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, படியில் உட்கார்ந்தே மூடியைக் கழற்றிக் காட்டினார். கேள்விகள் ஓய்ந்ததும் அந்த இருவரையும் சுட்டி, "இவங்க ரெண்டு பேரையும் எடுத்துக்கறேன்" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். "நீ ஒண்ணுமே கேக்கலியே. மைக்க மட்டும்தான் பாத்துப்பியா?"

"உங்க எடத்துல சால்டரிங் அயர்ன் எங்க கைல தருவீங்களா, இல்ல நின்னு பாக்கணுமா?"

"நின்னு பாக்க அங்க எடம் ஏது? லீவு வுட்டதும் மூணு பேரா வாங்க. துப்பட்டா வாணாம், மெஷின்ல மாட்டிக்கும்."

அன்று மாலை அண்ணனின் பழைய சட்டைகளில் இரண்டைத் துவைத்துக் காயப்போட்டேன்.