டங்கனின் வீடு எரியவில்லை

1987 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பது. சுவிற்சர்லாந்தின் ஆரா நகரில் நாங்கள் இருக்கும் வீட்டில் அந்நேரம் ஐந்து பேர். நான்கு பேர் நித்திரை. தொலைபேசியை நான் எடுத்தேன். வைத்தியசாலைச் சமையலறையில் வேலை செய்யும் குகன் அண்ணை.

"தம்பி, மாகிறெட் அன்ரி மோசம் போயிட்டா. விடியப்புறமாம். நித்திரையிலையே."

"ஆர் சொன்னது?"

"நேர்ஸ் சொன்னவ. உனக்குச் சாவுக்கும் அத்தாட்சி வேணுமோடா?" என்று ஏசிவிட்டு வைத்துவிட்டார்.

அத்தாட்சி கேட்பது என் தொழிற்பழக்கம். யாழ்ப்பாணத்தில் நில அளவையாளர் ஒருவரின் கீழ் காணிப்படம் கீறியவன் நான். அன்ரிக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டதும் அதனால்தான்.

இங்குள்ள எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கனடாவில் பிறந்தவர். சுவிஸ்காரரை மணந்து ஆராவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர். எங்களுக்குக் கம்பளித் தொப்பி பின்னித் தந்தவர். குகன் அண்ணையின் நண்டுக்கறியைச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணீர் ஓட "ஓம், ஓம், நல்லது" என்று தமிழில் சொன்னவர். அதையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் டங்கனைப் பற்றி எழுதுகிறேன்.

டங்கன் இருநூறு வருடத்துக்கு முந்திய அன்ரியின் மூதாதை. ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலேறி அமெரிக்காவில் ஆற்றோரம் காடு வெட்டிக் கமம் செய்தவர். அங்குள்ளவர்கள் இங்கிலாந்து அரசனுக்கு எதிராகக் கிளம்பியபோது டங்கன் அரசன் பக்கம் நின்றார். அயலவர்கள் அவர் வீட்டை எரித்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பனிக்குள் நடந்து கனடா போனார். விசுவாசத்துக்காக அரசன் அவருக்குக் காணி கொடுத்தான். இது குடும்பத்தில் சொல்லிவந்த கதை. கனடாவில் காணி கிடைத்ததற்குப் பத்திரம் இருந்தது. அதற்கு முந்திய டங்கனுக்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. அன்ரி வருடக்கணக்காக ஆவணக் காப்பகங்களுக்கு எழுதி எழுதிப் பிரதிகள் எடுப்பித்துத் தேடிக்கொண்டிருந்தார்.

நாங்கள் அகதிகளாக வந்த புதிதில் எங்களில் பன்னிரண்டு பேரை அந்தக் கிராமத்து நிலவறையில் விட்டிருந்தார்கள். யுத்தம் வந்தால் ஊர்ச்சனம் ஒளிந்துகொள்வதற்குக் கட்டியது. மூன்றடுக்குக் கட்டில்கள், ஜன்னல் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்ரி எங்களைத் தேநீருக்குக் கூப்பிட்டார். மற்றவர்கள் கேக் சாப்பிட, நான் மேசையில் கிடந்த டங்கனின் கனடாக் காணிப்படத்தைப் பார்த்தேன். எங்கள் ஊரைப் போலச் சங்கிலிக் கணக்கில் அளந்தது. எல்லாவற்றையும் மீற்றரில் அளக்கும் நாட்டில் அதைப் பார்த்ததும் சொந்தக்காரரைக் கண்டது போல இருந்தது.

நாங்கள் கதைத்தது ஆங்கிலத்தில். ஆனால் என் காதில் அது எங்கள் தமிழாகவே நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"அவரின்ரை பேரைத் தேடாதேங்கோ அன்ரி. பக்கத்துக் காணிக்காரன் ஆர்?"

"ஏன் தம்பி?" தம்பி என்ற சொல்லை அதற்குள் குகன் அண்ணையிடம் பொறுக்கியிருந்தார்.

எங்கள் ஊரில் காணி உறுதிப்பத்திரங்களில் நான்கு எல்லையும் அயலவர் பேரால்தான் எழுதப்படும். கிழக்கு இன்னாரின் காணி, வடக்கு இன்னாரின் காணி. ஒருவனுடைய உறுதி தொலைந்து போகலாம். பக்கத்து வீட்டுக்காரனுடைய உறுதியில் அவன் எல்லையாக நின்றுகொண்டேயிருப்பான். இதைச் சொன்னேன்.

"அப்ப டங்கனைப் பிடிக்கிறதெண்டால் அவரின்ரை எதிரியைப் பிடிக்கவேணும்?"

"ஓம். வேலிச்சண்டை பிடிச்ச எதிரியெண்டால் இன்னும் விசேஷம்."

தொண்டையில் கேக் சிக்குமட்டும் சிரித்தார். அடுத்த நாளே அமெரிக்காவுக்கு எழுதினார்.

அந்த மாரியில் ஊர்க்கூட்டம் வந்தது. பழைய பால் நிலையத்தின் மேல்மாடி சும்மா கிடந்தது. ஆறு ஜன்னல். அதை எங்களுக்குக் கொடுப்பதா என்று ஊர்ச்சனம் கையுயர்த்தித் தீர்மானிக்கவேண்டும். மரம் அரியும் ஆலைக்காரர் எழும்பி, "இவையள் உண்மையான அகதியளோ, பிழைக்க வந்தவையோ?" என்று கேட்டார். அன்ரி எழுந்தார். டங்கனின் வீடு எரிந்ததையும் பனியில் நடந்ததையும் சொன்னார். "நான் உண்மையான அகதியின்ரை பரம்பரை. முப்பது வருசமா உங்களோடை இருக்கிறன்" என்று முடித்தார். ஆலைக்காரர் கதிரையில் இருந்துவிட்டார். கூரை திருத்தும் செலவைப் பார்த்துவிட்டு அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்போம் என்றார்கள். வென்றமாதிரித்தான் என்று குகன் அண்ணை எங்கள் கட்டில்களுக்கு இடம்கூடப் பிரித்துவிட்டார்.

அடுத்த கூட்டத்துக்கு முந்திய ஞாயிறு, அமெரிக்காவிலிருந்து பிரதி வந்திருந்தது. அயலவர் ஒருவருடைய உறுதி. மேற்கு எல்லை: டங்கனின் வீடும் பழத்தோட்டமும். எழுதிய காலம், அந்த அமெரிக்க யுத்தம் முடிந்து பத்து வருடத்துக்குப் பிறகு.

"வீடு நிக்குது," என்றேன்.

அன்ரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப பனிக்குள்ளை நடந்தது?"

"பிறகு ஆறுதலா வண்டிலிலை போயிருப்பார். கனடாவிலை காணி குடுக்கினமெண்டு கேள்விப்பட்டிருப்பார்."

தண்ணீர் கொதிக்க வைத்தவர் தேநீர் போட மறந்துவிட்டார். கேத்தில் கூவிக்கொண்டே இருந்தது. நான்தான் எழும்பி நிறுத்தினேன்.

"இது எங்கள் ரெண்டு பேருக்கும்தான் தெரியும்," என்றேன். "கூட்டம் முடியட்டும். பிறகு ஆருக்கும் சொல்லுங்கோ."

"அவையளுக்கு முன்னாலை நிண்டு சொன்னது நானெல்லோ தம்பி?"

அவ்வளவுதான். கூட்டத்தில் எழுந்து நின்றார். "போனமுறை நான் சொன்னது பிழை. என்ரை ஆளின்ரை வீடு எரியேல்லை. அவர் நல்ல காணிக்காக வந்தவர். இந்தப் பெடியளின்ரை ஊர் எரிஞ்சது உண்மை. ரெண்டையும் கலக்காதேங்கோ." ஆலைக்காரர் கலந்தார். "அப்ப இவங்களும் அப்பிடித்தான்!" என்று கத்தினார். சிலர் சிரித்தார்கள். கைகளை எண்ணினார்கள். தோற்றோம்.

வெளியே வீதியில் வைத்து நான் அன்ரியிடம் சத்தம் போட்டேன். "டங்கன் எப்பவோ செத்துப்போனார். நாங்கள் உயிரோடை நிலத்துக்குக் கீழை கிடக்கிறம். ஆர் முக்கியம்?"

"உங்களுக்காக இண்டைக்கு ஒரு பொய்யைச் சொன்னால், நாளைக்கு உங்களுக்காக உண்மையைச் சொல்லேக்கை ஆர் நம்புவினம்?"

"எங்களுக்கு நாளைக்கு வேண்டியது ஜன்னல்."

"ஓம்," என்று தமிழில் சொன்னார். பிறகு நடந்து போனார்.

கோடையில் புகையிரத நிலையத்தில் ஒரு சைக்கிள் காணாமற்போனது. பொலிஸ்காரர் நேரே நிலவறைக்கு வந்தார். ஊரில் பாதி பின்னால் நின்றது. அன்ரி வந்து, அன்று பன்னிரண்டு பேரும் இருட்டும்வரை தன் தோட்டத்தில் உருளைக்கிழங்கு கிண்டியதாக, உள்ளதைச் சொன்னார். பொலிஸ்காரர் குறிப்பெழுதும் கொப்பியை மூடவில்லை. அப்போது ஆலைக்காரர் பின்னாலிருந்து, "அவ சொன்னால் சரி. தனக்கே எதிராச் சொன்ன மனிசி," என்றார். கொப்பி மூடப்பட்டது. ஆலைக்காரர் எங்களைப் பார்க்காமலே போனார்.

தான் சொன்ன அந்த நாளை வந்துவிட்டது என்பதுபோல அன்ரி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. ஒரு சைக்கிளுக்கு ஆறு ஜன்னல் ஈடாகுமா?

ஆனாலும், எங்களை ஆராவுக்கு மாற்றிய பிறகும், ஞாயிறுகளில் போவதை விடவில்லை. மேலும் இரண்டு அயலவரின் உறுதிகள் வந்தன. அவற்றை ஒட்டிப் படம் கீறினேன். மூன்று பக்கமும் அயலவர் காணிகள் வந்து முட்ட, நான்காம் பக்கம் ஆறு ஓட, நடுவில் டங்கனின் காணி வெள்ளையாக மிஞ்சியது. அன்ரி அந்த வெள்ளையில் விரலை வைத்தார்.

"பழத்தோட்டமெண்டால் என்ன மரம் தம்பி?"

"உறுதியிலை இல்லை."

"அப்பிளெண்டு வைச்சுக்கொள்ளலாமோ?"

"வைக்கலாம். பென்சிலாலை."

அதற்கு அவர் சிரித்த சிரிப்பு, அடுப்பில் வேகும் அவருடைய பிளம்ஸ் கேக்கின் மணம், தோட்டத்தில் காயும் எங்கள் பன்னிரண்டு பேரின் உடுப்பு: இந்த நாட்டில் வீடு என்ற சொல்லுக்கு எனக்கு இவைதான் இருக்கின்றன.

இங்கே செத்தவரின் வாழ்க்கைக் குறிப்பைத் தேவாலயத்தில் வாசிப்பது வழக்கம். அன்ரியின் தம்பியார் கனடாவிலிருந்து நேற்றுப் புதன்கிழமை வந்துவிட்டார். குறிப்பு எழுதியும் விட்டார். அதில் டங்கனின் வீடு மறுபடி எரிகிறது. அது பிழையென்று சொன்னேன். "இண்டைக்குக் கதைக்கிற கதையா இது?" என்கிறார். எங்கள் ஆட்கள் சார்பில் பேச எனக்கு மூன்று நிமிடம் தந்திருக்கிறார்கள். அடக்கம் வெள்ளிக்கிழமை. நான் செய்யப்போவது இது:

1. தம்பியாரைச் சந்தித்து, உறுதியில் மேற்கு எல்லை எழுதிய வரியைக் காட்டுவேன். சத்தம் போடாமல்.

2. அவர் மாற்றாவிட்டால் என் மூன்று நிமிடத்தில், அன்ரி முதல் கூட்டத்தில் சொன்னதையும் அடுத்த கூட்டத்தில் சொன்னதையும் சொல்வேன். அன்ரியின் வாழ்க்கைக் குறிப்பே அந்த இரண்டும்தான். என்னிடம் அவர் விட்டுப்போனதும் அதுதான்.

3. ஆலைக்காரருக்கு நானே நேரில் போய்ச் சாவீட்டுச் செய்தி சொல்வேன். அவர் வரவேண்டும்.

4. ஜன்னல் விஷயத்தில் அன்ரியோடு வாதத்தைத் தொடர்வேன். நான் இன்னும் தோற்கவில்லை. ஆனால் இனி இரண்டு பக்கத்தையும் நானே பேசவேண்டும்.