வாயை மூடிக்கொண்டு ஒரு கொட்டாவி

இதை எழுத வேண்டுமென்று பல வருஷமாக நினைப்பு. எட்டாவது வரை படித்தவன், கழுத்தில் ஓட்டையோடு திரிபவன், நாம் எழுதி யார் படிப்பார்கள் என்று தள்ளிப்போட்டே வந்தேன். போன வாரம், எனக்கு நடந்த இதே ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் ஒருவரின் சம்சாரம் எங்கள் வீட்டுக்கு வந்து அழுதார். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். குரல் கம்மியதைச் சளி என்றே நினைத்திருந்தேன். சதை எடுத்துச் சோதித்ததில் குரல்வளையில் (பேச்சு பிறக்கும் இடம்) புற்று. அதை முழுதாக எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

தொண்டை என்றால் ஒரே குழாய் என்றிருந்தேன். அவர் படம் போட்டுக் காட்டினார். வாய்க்குப் பின்னால் ஒரே பாதை. கீழே இரண்டாகப் பிரிகிறது. முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். மூச்சுக்குழாயின் வாசலில் குரல்வளை, அதற்கு மேல் குரல்வளை மூடி (விழுங்கும்போது சோறு மூச்சில் இறங்காமல் தடுக்கும் மடல்). இந்தச் சின்னக் கழுத்துக்குள் முருகன் இத்தனை காவல் வைத்திருக்கிறானே என்று அந்தப் பயத்திலும் சிலிர்த்தது.

குரல்வளையை எடுத்து, மூச்சுக்குழாயைக் கழுத்தில் துளையாகத் தைத்தார்கள். முதன்முதலாக வாயால் கஞ்சி குடித்த அன்று, துளை வழியே ஒழுகும் என்று என் மனைவி துண்டைப் பிடித்தபடி நின்றாள். ஒரு சொட்டு வரவில்லை. இப்போது மூச்சுக்கும் சோற்றுக்கும் தனித்தனி வழி. நர்ஸம்மா சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் பூ மணக்கவில்லை. மூச்சு மூக்கு வழியே போகாததால் வாசமும் ஏறவில்லை. என் பூ சாமிக்கே வேண்டாமென்று ஆயிற்றோ என்று மருகினேன்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம், வாசமே தெரியவில்லை என்று எழுதிக் காட்டினேன்.

"வாய மூடிக்கிட்டே கொட்டாவி விடுங்கய்யா. பெரியவங்க முன்னால வந்தா மறைப்பீங்கள்ல, அப்புடி."

தாடை இறங்கும்போது மூக்குக்குள் காற்று இழுபடுமாம். நாளெல்லாம் பழகினேன். ஒன்றும் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் நேரம். சாமிக்குக் கட்டிய சரத்தில் மொட்டு அவிழ்ந்துகொண்டிருந்தது. மனைவி அதை என் மூக்கருகே நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மோந்த பூவைச் சாமிக்கு வைப்போமா?

"சாமிக்கு வேற சரம் கட்டிக்கிறேன். நீங்க மோந்து பாருங்க."

தாடையை இறக்கினேன். வந்தது! என் மல்லிகை, என் தோட்டத்து மல்லிகை! கத்த முடியாதே, பூஜை மணியை எடுத்து ஆட்டினேன். என்னமோ ஏதோ என்று பக்கத்து வீடே ஓடி வந்தது.

முன்பெல்லாம் வாசம் தானாக வந்து போகும், கவனித்ததில்லை. இப்போது காப்பியோ கற்பூரமோ, ஒவ்வொன்றையும் நின்று, நானே உள்ளே அழைக்கிறேன். அதற்கே பொழுது போதவில்லை.

இந்த நோய் வந்த வீடு தெரிந்தால் இதை அப்படியே கொடுங்கள். முருகன் புண்ணியத்தில் ஒருவர் பிழைத்தார் என்று சுருக்கிவிடாதீர்கள். புண்ணியம் அவனுடையதுதான், ஆனால் அந்தக் கொட்டாவியைச் சொல்லாமல் விட்டால் அவர்களுக்குப் பூ மணக்காது.