நர்ஸ் பெண் மீது பொறாமை

"பிள்ளைங்களுக்குப் புரிஞ்சதுன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

அறுபதுகளில், பொன்மலையில் நான் ஆசிரியரான புதிதில், பள்ளி ஆய்வாளர் கேட்டார்.

"தலையாட்டினாங்க" என்றேன்.

இன்று மனைவியின் புற்றுநோய் சிகிச்சைக்குத் திருச்சி ஆஸ்பத்திரி போனோம். கீமோ சமயத்தில் ஜுரம் வந்தால், எந்நேரமானாலும் உடனே போன் செய்ய வேண்டும். அடுப்பில் பொங்கும் பாலை உதாரணம் காட்டி இதை அவளுக்கு வீட்டிலேயே விளக்கியிருந்தேன். தலையாட்டினாள்.

நர்ஸ் பெண் கேட்டாள்: "ஜுரம் வந்தா என்ன செய்வீங்க மாமி? சொல்லுங்க பாப்போம்."

"லங்கணம் போட்டு, ஒண்ணும் சாப்பிடாம பாப்பேன். காலையில போன் பண்ணுவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"காலை வரைக்கும் விட்டா ஆபத்து மாமி. உடனே கூப்பிடணும். இப்ப சொல்லுங்க."

மனைவி சரியாகச் சொன்னாள், சிரித்தாள் வேறு.

"நோயாளிகிட்ட எப்படிப் பேசணும்னு போன வாரம்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க சார்" என்றாள் நர்ஸ்.

வீடு திரும்பும்போது ஸ்ரீரங்கம் பஸ்ஸில் வழியெல்லாம் மனைவி வாயில் அந்த நர்ஸின் புகழ்தான்.

"நானும் அதைத்தானே சொன்னேன்?"

"நீங்க சொல்லிட்டே போனீங்க. அவ என்னைச் சொல்ல வச்சா."

காலமெல்லாம் வகுப்பெடுத்த எனக்கு யார் கொடுத்தார்கள் அந்தப் பயிற்சியை? வயிறு எரிகிறது, நண்பர்களே.

இன்று வீட்டில் யாருக்காவது மருந்து விவரம் சொன்னால், "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள்.