நின்ற இடத்திலேயே ஓடிய கார்

மூன்று வருடங்களுக்கு முன்னால், விஜயதசமி அன்று காலை, செகந்திராபாத் மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டு வாசலில் தொடங்கியது இது.

நான் தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். எரிபொருள் முழுதாக எரியாவிட்டால் கரி மிஞ்சும் என்று பல பேருக்கு வகுப்பு எடுத்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் என்னைத் திட்ட உங்களுக்கு வசதியாக இருக்கும்.

அப்பா குஷாய்குடா பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. என்னைவிட வயதில் மூத்தது. வேலைக்குப் போன காலமெல்லாம் அதில்தான் போய்வந்தார். சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன குறை என்று சொல்லிவிடுவார்.

பக்கவாதம் வந்து அவருக்கு இடது கையும் காலும் விழுந்த பிறகு கார் என் பொறுப்பில் வந்தது. பாட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று தினமும் ஆபீஸ் கிளம்பும் முன் ஷெட்டிலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பேன். சோக்கை இழுத்துவிட்டு போனில் செய்தி படித்துக்கொண்டிருப்பேன். என் மனைவி அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசல்வரை தள்ளிவந்து நிறுத்துவாள். பத்து நிமிடம் ஆனதும் அணைத்துவிட்டு, அப்பாவுக்குக் கை காட்டிவிட்டு, என் காரில் ஏறிப் போய்விடுவேன். இப்படியே ஒன்றரை வருடம். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் பெயர் வேறு.

அப்பா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. “ஓட்டணும்டா அத. நின்ன எடத்துலயே உறும விட்டா பிரயோஜனமில்ல. குஷாய்குடா வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வரலாம், வா” என்பார். வெளியே போகும் ஆசையில் காரைச் சாக்கு சொல்கிறார் என்று நினைத்தேன். குலுங்கினால் உடம்புக்கு ஆகாது, டிராஃபிக், வண்டி நடுவழியில் நின்றுவிடும் என்று தினம் ஒரு காரணம் சொல்வேன். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் எஞ்சின் நாலைந்து தடவை உதறிவிட்டு நிற்க ஆரம்பித்தபோதும், “இது சரியில்லடா, காட்டு” என்றார். உங்கள் பிடிவாதம் அதற்கும் வந்துவிட்டது என்று கேலி செய்தேன்.

அந்த விஜயதசமிக்கு அப்பா கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார். சரி என்றேன். முதல் நாள் பூஜையில் வைத்த சாவியை எடுத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினோம். வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக அப்பா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் வலது கையை ஆட்டினார்.

ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் எஞ்சினுக்குள் கல்லை உடைப்பதுபோல் டக்டக் என்று சத்தம் கேட்டது. வண்டி இழுக்கவில்லை. கறுப்பாகப் புகையைத் தள்ளிவிட்டுப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. பின்னால் ஒரே ஹாரன். முன்பின் தெரியாத இரண்டு பேர் இறங்கி வந்து அப்பாவைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தார்கள். “பரவால்லடா, இன்னொரு நாள் போலாம்” என்றார் அப்பா. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

வண்டியைக் கட்டி இழுத்துப்போய் விட்ட பட்டறையின் மெக்கானிக் என் வயதுக்காரர்தான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. எஞ்சினின் மேல் மூடியைக் கழற்றினால் பிஸ்டன் தலையிலும் வால்வுகளிலும் கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. “கடா கர்கே ச்சாலூ கர்தே க்யா சாப்?” என்றார். நிறுத்தி வைத்தே ஸ்டார்ட் செய்கிறீர்களா என்று கேட்கிறார். தலையாட்டினேன். “ஐசா நக்கோ கரோ சாப்”, இப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டு விளக்கினார். குளிர்ந்த எஞ்சினில் சோக் இழுத்தால் பெட்ரோல் அதிகம் போகும். சரியாக எரியாமல் கரியாகப் படியும். வாரம் ஒருமுறை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டியிருந்தால் இவ்வளவு சேர்ந்திருக்காது. அந்தக் கரிதான் சூட்டில் பழுக்கக் காய்ந்து, நேரங்கெட்ட நேரத்தில் பெட்ரோலைப் பற்றவைத்து டக்டக் என்று அடிக்க வைக்கிறது, அணைத்த பிறகும் உதற வைக்கிறது. அப்பா சொன்னதைத்தான் அவர் உருதுவில் சொன்னார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அந்தப் பல்லி நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஆவலாக, “என்னடா சொன்னான்?” என்று கேட்டார். அப்போது நான் செய்ததைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒன்றரை வருடம் அவர் சொன்னதை அலட்சியம் செய்து நானே கெடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. “ரொம்பப் பழசாயிடுச்சாம்ப்பா, அதான்” என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆமா, பழசுதான்” என்றார். அதற்குப் பிறகு காரைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. காலையில் வாசலுக்குக் கூட்டிப்போகச் சொல்லவும் இல்லை.

கரியைச் சுரண்டி வால்வுகளைத் தேய்த்து முடித்தும், மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் கிடைக்கவில்லை. வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தது. வண்டி வந்ததும் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம், அப்படியே குஷாய்குடாவுக்குக் கூட்டிப்போகலாம் என்று நாளைக் கடத்தினேன். கேஸ்கெட் வருவதற்குள் இரண்டாவது தடவையாகப் பக்கவாதம் வந்து அப்பா போய்விட்டார். பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் கார் வீட்டுக்கு வந்தது. ஷெட்டில் அதைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குஷாய்குடா வரை ஓட்டிப் போய்வருகிறேன். மேம்பாலத்தில் முனகாமல் ஏறுகிறது. போன மாதம் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பிஸ்கட் நிறத்தில் சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்திருந்தால், “நான் சொன்னேன்ல” என்று அப்பா ஒரு வாரம் என்னை விட்டிருக்க மாட்டார். நீங்கள் சொன்னதுதான் சரிப்பா, கார் பழசானதால் கெடவில்லை என்று ஒவ்வொரு வாரமும் தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, பக்கத்துக் காலி சீட்டிடம் சொல்லிவிட்டுத்தான் திரும்புகிறேன்.