கண்ணை மூடணுமா, திறக்கணுமா?

அர்ஜென்டினாக்காரரான எலெயுதேரியோ பத்தொன்பது வயதில், பிரிட்டனோடு நடந்த மால்வினாஸ் (ஃபாக்லாந்து) தீவுப் போருக்குப் போய் வந்தவர். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். இன்னும் இடி இடித்தால் குண்டு விழுவதாக நினைத்து மேசைக்கு அடியில் பதுங்குவார். அந்த நேரத்தில் பயத்தை அடக்க என்ன செய்ய வேண்டும் என்று கோயா நகரத்து மனநல மருத்துவர் சொல்லித்தருவதெல்லாம் அந்த அறைக்குள் நன்றாகவே புரியும். வீடு வந்து சேர்வதற்குள் மறந்துவிடும்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க, கிழவா?" என்று மனைவி நெலிதா கேட்பாள்.

"ஏதோ கால்... இல்ல, கண்ணை மூடணுமா திறக்கணுமா? தெரியல போ."

வெட்கம் பிடுங்கித் தின்ன, போவதையே நிறுத்தப் பார்த்தார். மருத்துவர் நெலிதாவையும் வரச்சொன்னார். "இனிமே நீங்க இவங்களுக்குச் சொல்லிக்குடுங்க," என்று அவரிடம் சொன்னார். எலெயுதேரியோ தட்டுத்தடுமாறிச் சொன்னார். அன்றிலிருந்து மாத்தே என்ற மூலிகைத் தேநீர் குடிக்க உட்காரும்போதெல்லாம் நெலிதா ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்பாள். அவர் எரிச்சலோடு மறுபடி சொல்லித்தருவார்.

ஒரு பிற்பகல் வானம் கிழிந்ததுபோல் இடி விழுந்தது. அவர் மேசையைப் பிடித்துக் குனிந்தார்.

"ஐயோ, எனக்கு மறந்துபோச்சே! என்ன செய்யணும்?" என்று நெலிதா கத்தினாள்.

"கண்ணை மூடாதடி! காலைத் தரையில அழுத்து. எதிர்ல தெரியறதைப் பேர் சொல்லு. அடுப்பு... கெண்டி... உன் அழுக்கு ஏப்ரன்..."

"அழுக்கா? நேத்துதான் துவைச்சேன்!"

மழை பிடித்துக்கொண்டபோதும் அவர் மேசைக்கு அடியில் போகாமல் நின்றுகொண்டே இருந்தார். குழப்பத்தோடு அவளைப் பார்த்தார்.

"நெசமாவே மறந்துட்டியா, இல்ல நடிச்சியா?"

நெலிதா யோசித்தாள். "எனக்கே தெரியல, கிழவா," என்றாள்.